கூடத்துச் சோபா எவருக்காக?

பாறசாலையினின்று வெள்ளறடை வரையில் உள்ள சிற்றூர்களில் இன்று எந்த இல்லத்தினுள் நுழைந்தாலும் முதலில் கண்ணிற்படுவது சோபாவே. ஓட்டு வீடாயினும் வார்ப்பு வீடாயினும், சொந்த வீடாயினும் வாடகை வீடாயினும், கூடத்தின் நடுவே அது வீற்றிருக்கிறது. நாம் வாழும் காரக்கோணத்திலும் இதே நிலைதான். முன்னாளில் அவ்வாறில்லை. முற்றத்தை நோக்கிய திண்ணை ஒன்று, மூத்தவர்க்கெனத் துணி கட்டிய சாய்வு நாற்காலி ஒன்று, சுவரோரம் நீண்ட பலாமர பெஞ்சு ஒன்று, மற்றவர்க்குப் பாய். கூடத்தின் இருக்கைகள் இவ்வளவே. இவற்றுள் பெஞ்சும் நாற்காலியும் இப்போது அடுக்களைப்புறத்துக்குச் சென்றுவிட்டன. திண்ணையை இடித்து அவ்விடத்தில் கார் நிறுத்தக் கூரை போட்டாயிற்று.

சோபா என்னும் சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பே மேலிடுகிறது. அரபு மொழியில் ‘சுஃப்பா’ என்பது சற்றே உயர்த்திக் கட்டி, விரிப்பும் திண்டும் இட்ட மேடையைக் குறித்த சொல். துருக்கியர் வழியாக அது ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே கால் முளைத்த இருக்கையாகி, பின்னர்க் கப்பலேறி நம்மிடம் வந்தது. ஆக, திண்ணையை இடித்துவிட்டு நாம் விலை கொடுத்து வாங்கியதும் ஒருவகைத் திண்ணையே. ஆயினும் பழைய திண்ணைக்கு ஒரு சிறப்பு இருந்தது. அது அந்த வீட்டாரின் காலளவு கண்டு கட்டப்பட்டது. பாட்டியார் அதில் அமர்ந்தால் பாதம் படியில் படியும். எழும்போது பற்றிக்கொள்ள அருகிலேயே தூண் இருக்கும். கடையில் வாங்கும் சோபா எவருடைய காலை அளந்து செய்யப்பட்டது?

நம்மவர் சோபா வாங்கப் புறப்படுங்கால் மனத்தில் நினைப்பது விருந்தினரையே. ‘நாலு பேர் வந்தால் பார்வையாக இருக்க வேண்டாமா?’ என்பதே முதற்பேச்சு. அந்த நாலு பேர் மாதத்தில் எத்தனை நாள் வருகின்றனர்? வந்தவர் எவ்வளவு நேரம் இருக்கின்றனர்? கணக்கெழுதிப் பழகிய கை ஆதலின் நாம் இதனையும் ஒரு மாதம் எழுதிப் பார்த்தோம். வெளியார் நம் கூடத்தில் அமர்ந்திருந்த நேரம் அனைத்தையும் கூட்டியும் எட்டு மணிக்கு மேற்படவில்லை. வீட்டு முதியவரோ காலையுணவு முடிந்து அமர்ந்தால் பகற்பொழுதின் பெரும்பகுதியும் அங்கேதான். பள்ளிவிட்டு வரும் பிள்ளை பையை எறிவதும், இல்லத்தரசி முருங்கைக்கீரை ஆய்வதும், இரவுப்பணி முடிந்து வந்தவர் சற்றுச் சாய்வதும் அங்கேதான். ஆதலின் சோபாவை வீட்டாருக்காகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். வீட்டாருள்ளும் முழங்கால் வலுவிழந்தவர் எவரோ, அவருக்காகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அவருக்குப் பொருந்துவதில் ஏனையோரும் அமர்ந்துவிடலாம். ஏனையோர்க்குப் பொருந்துவதில் அவரால் அமர இயலாது என்பதே நாம் கண்டது.

இதனைச் சற்று விரித்துரைப்போம். இருக்கையினின்று எழும்போது நாம் செய்வது என்ன? பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடலை முன்னே சாய்த்து, தொடையின் வலிமையால் உடற்பாரம் முழுவதையும் மேலே தூக்குகிறோம். இருக்கை தாழத் தாழ முழங்கால் மிகுதியாக மடங்குகிறது; தூக்க வேண்டிய உயரமும் கூடுகிறது. இளையோர் இதனை உணரார். அறுபது கடந்து மூட்டு தேய்ந்தவர்க்கு அந்த இரண்டங்குலமே மலையாகிவிடும். இப்போது கடைகளில் மிகுதியும் காணப்படுபவை தாழ்ந்து, அகன்று, ஆழ்ந்த சோபாக்கள். தரையினின்று 16 அங்குலம் எனக் கடைக்காரர் அளந்து காட்டும் இருக்கை, ஆள் அமர்ந்து மூன்றங்குலம் அமிழ்ந்தால் 13 அங்குலமே. அது சோபா அன்று, பெரிய மணை.

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் புதுச் சோபா வந்திறங்கிய மறுநாளே அவ்வீட்டுப் பாட்டியார் பேரனை அழைத்து, “மக்களே, எனக்கு அந்தப் பழைய மரக் கசேரயெ எடுத்துப் போடு. இதிலெ இருந்தா எழும்ப முடியல்ல” என்றார். பழைய நாற்காலியோ பின்புறத்து வராந்தாவில் கிடந்தது. கூடத்தில் அதனைப் போட இடமில்லை. ஆகவே நாற்காலி கிடந்த இடத்திற்குப் பாட்டியாரே சென்றுவிட்டார். அதன்பின் வீட்டின் பேச்சும் தொலைக்காட்சியும் ஒருபுறம், அவர் ஒருபுறம். அவரைப் போகுமாறு எவரும் சொல்லவில்லை. மகனும் மருமகளும் அன்பில் குறைந்தவர்களும் அல்லர். பார்வையாக இருக்கிறதென்று வாங்கிய ஒரு பொருள், எவரும் எண்ணாத ஒன்றைச் செய்துவிட்டது.

நம் நாட்டுத் தச்சர் இவ்வளவுகளை நன்கறிவர். கேரளத்துத் தச்சுக்கோல் 24 விரல் கொண்டது. இக்கால அளவில் ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். எனவே ஒரு விரல் 3 சென்டிமீட்டர். 15 விரல் உயரத்தில் அமைத்த பலகை இருக்கை 45 சென்டிமீட்டர், அதாவது 18 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. மரத்தில் அமிழ்வு இல்லை ஆதலின் அளந்த உயரம் அப்படியே நிற்கும். மெத்தையிட்ட சோபாவாயின், ஆள் அமர்ந்து அமிழ்ந்த பின்னும் 16½ முதல் 17½ அங்குலம் நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். அளப்பதற்குத் துணையாள் ஒருவர் தேவை; ஒருவர் அமர, மற்றவர் தரையினின்று அளக்க வேண்டும். உயரம் குறைந்த பெண்மணிகட்கு அவ்வுயரத்தில் குதிகால் தரையில் படியாமற் போகலாம். அவர்க்கு ஒரு சிறு மணையைக் காலடியில் இட்டால் போதும். எழும்போது அதனை ஒதுக்கிவிட வேண்டும். உயர்ந்த இருக்கைக்கு மணை போட்டுத் தாழ்த்திக்கொள்வது எளிது. தாழ்ந்த இருக்கையை உயர்த்துவது அவ்வளவு எளிதன்று.

உயரத்தை அடுத்து நோக்கத்தக்கது ஆழம். முதுகு பின்சாய்வில் முழுதும் படியுமாறு அமர்ந்தபின், முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைதல் வேண்டும். நம்மவரில் பெரும்பாலோர்க்கு 18 முதல் 20 அங்குல ஆழமே இதற்குப் பொருந்தும். மேனாட்டார் உடலளவையொட்டி 22, 24 அங்குல ஆழத்தில் செய்தவற்றில் நம் தாய்மார் அமர்ந்தால், ஒன்று முதுகு சாயாது, அன்றேல் கால் தரையில் படியாது. அதனாலேயே பலர் சோபாவின் நுனியில் ஒட்டிக்கொண்டு அமர்கின்றனர். அதைக் கூச்சம் என்று நாம் எண்ணுகிறோம். அது கூச்சமன்று, சோபாவின் குறை. கைப்பிடியோ அமிழாததாய், முன்விளிம்பு வரை நீண்டதாய், இருக்கைக்கு மேல் ஏழெட்டு அங்குலம் உயர்ந்ததாய் இருத்தல் வேண்டும். எழுபவர் அதன் நுனியை அழுத்தியே எழுவார். பஞ்சு பொதிந்த உருண்டைக் கைப்பிடி பார்வைக்கு அழகு. அழுத்தினால் கை வழுக்கும். மரக் கைப்பிடிக்கு ஈடில்லை.

இவற்றையெல்லாம் அளந்து திரிவதைவிட நேரான வழி, முதியவரையே கடைக்கு அழைத்துச் செல்வதுதான். பத்து நிமிடம் அமரச் செய்க. பிறர் கைகொடாமல் மும்முறை எழச் செய்க. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவரோடு நிற்கும் பணிப்பெண் சுளிக்க மாட்டார். இருக்கையின் அருமை அவருக்குத் தெரியும். பிறரை அமரச் சொல்லித் தாம் நாள் முழுதும் நின்ற கடைப்பணிப்பெண்கள் கேரளத்தில் பல்லாண்டு போராடியதன் பயனாகவே 2018-ஆம் ஆண்டில் கடைகள் சட்டம் திருத்தப்பெற்று, பணிநேரத்தில் அமரும் உரிமை அவர்கட்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021-ல் அதற்கெனச் சட்டத்திருத்தம் நிறைவேறிற்று. நாம் சோபா பார்க்கச் செல்லும் கடையில் அப்பெண்ணுக்கு ஒரு முக்காலியேனும் உண்டா என்று ஒருகால் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அடுத்து வாயில். முன்பெல்லாம் சரக்கு நிலையங்களில் இருப்புப்பாதைக்கு மேலாக ஒரு வளைவு நிற்கும். ஏற்றிய பாரம் அதனுள் இடியாமல் நுழைந்து வெளிவந்தால்தான் வண்டி புறப்படலாம். இல்லையேல் வழியிலுள்ள பாலத்திலோ குகையிலோ இடிக்கும். வீட்டு வாயிலும் அத்தகைய வளைவே. மூவர் அமரும் சோபா ஆறரை அடி நீளம், மூன்றடி ஆழம் இருக்கும். நம் பகுதியின் பழைய வீடுகளில் நிலைக்குள் இரண்டேமுக்கால் அடியே இருப்பதுண்டு. சோபாவின் உயரம், ஆழம் இரண்டில் எது குறைவோ அது வாயிலுக்குள் அடங்குதல் வேண்டும். அடங்கினாலும், உள்ளே நுழைந்ததும் சுவர் குறுக்கிட்டால் ஆறரை அடி நீளத்தைத் திருப்ப இடம் ஏது? வாயிலில் நுழையாத சோபாவைச் சன்னற்கம்பியைக் கழற்றி உள்ளே செலுத்திய வீட்டையும் நாம் கண்டதுண்டு. அவ்வீட்டார் வாடகைக்கு இருப்போர். வெளியேறும் நாளில் மீண்டும் கம்பியைக் கழற்ற வீட்டுக்காரர் இசைய வேண்டுமே!

வாங்குமுன் கூடத்துத் தரையில் சோபாவின் நீள அகலத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, இரண்டு நாள் அக்கோட்டை மிதியாமல் நடமாடிப் பார்ப்பது நல்ல வழக்கம். கதவு திறக்கிறதா, அலமாரி திறக்கிறதா, பிள்ளைகள் படுக்கப் பாய் விரிக்க இடம் எஞ்சுகிறதா என்பன அப்போது விளங்கிவிடும்.

இடம் மாறி வாழும் நம்மவர்க்கு இதில் இன்னுமொரு கவலை உண்டு. இன்றைய வீடு நாளைய வீடன்று. இரயில்வேப் பணியாளர்க்கு மாற்றல் ஆணை எப்போது வருமென்று எவரும் அறியார். வங்கியிலும் மருத்துவமனையிலும் பணிபுரியும் அன்பர்கட்கும் அவ்வாறே. சரக்குக் கட்டணத்தில் ஒரு நுட்பம் உண்டு. எடை குறைந்து இடத்தை அடைக்கும் பொருளுக்கு எடையைக் கொண்டன்றி, அது அடைக்கும் இடத்தைக் கொண்டே கட்டணம் கணிக்கப்படும். சோபா அவ்வகையைச் சேர்ந்தது. உள்ளே பெரும்பாலும் காற்றேயாயினும் கட்டணம் முழுமைக்கும் கட்ட வேண்டும். ஆதலின் கால்களும் கைப்பிடிகளும் திருகாணியால் கழன்று வரும் அமைப்பையே நாடுக. மூவர் சோபா ஒன்றைவிட இருவர் சோபா இரண்டு நல்லது. எந்த வீட்டுக்குச் சென்றாலும் எதிரெதிராகவோ வரிசையாகவோ போட்டுக்கொள்ளலாம். இப்போது பரவிவரும் ‘எல்’ வடிவச் சோபாவோ ஒரே மூலைக்குப் பொருந்துமாறு பிறந்தது. இடக்கைப்புற மூலைக்கென்று வாங்கியது அடுத்த வீட்டின் வலக்கைப்புற மூலையில் அமராது. சொந்த வீட்டார் வாங்கட்டும். நமக்கு அது வேண்டாம் என்றே கூறுவோம்.

இனி, சொல்லத் தயங்கினும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. நம் எல்லைப்புறத்தில் சோபாக்களில் ஒரு பெரும்பகுதி, அவற்றில் அமரப்போகும் வீட்டார் வாங்கியவை அல்ல. அவை அடுக்களை காணலுக்கு வந்தவை. திருமணம் முடிந்த சில நாளில் பெண்வீட்டார் உறவினருடன் மாப்பிள்ளை இல்லம் சென்று மகள் புகுந்த அடுக்களையைக் கண்டு வருவது இப்பகுதியின் பழைய வழக்கம். பாத்திரமும் பண்டமும் கொண்டு சென்ற அந்த நல்ல வழக்கத்தின் மேல், கட்டில் ஏறிற்று, அலமாரி ஏறிற்று, பின்னர்ச் சோபாவும் ஏறிற்று. இன்று அதற்கெனத் தனி வண்டியே அமர்த்துகின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்தபின்னும் பெண் கொடுத்தலும் எடுத்தலும் நின்றபாடில்லை. திருமண நாட்களில் களியக்காவிளை வழியாக இருபுறமும் செல்லும் சிறு லாரிகளில், மெழுகுத்தாள் சுற்றிய சோபாக்கள் கயிற்றால் கட்டுண்டு செல்வதை நாம் பலமுறை கண்டுள்ளோம்.

அச்சோபாவைத் தேர்ந்தெடுத்தவர் யார்? பெண்ணின் தந்தையார். அவர் அந்த வீட்டு வாயிலை அளந்தவர் அல்லர். சம்பந்தியம்மாளின் முழங்கால் நிலையையும் அறியார். அவர் அறிந்தது ஒன்றே: வண்டியினின்று இறக்கும்போது அயலார் எட்டிப் பார்ப்பர். ஆகவே இருப்பதில் பெரியதை, மின்னுவதை, பெரும்பாலும் கடன்பட்டு வாங்குகிறார். நான்காண்டில் அதன் மேலுறை உரிகிறது. கடன் அதன்பின்னும் தொடர்கிறது. உரிந்த சோபாவைக் காட்டி மருமகளிடம் ஒரு சொல் சொல்லப்படுகிறது. அச்சொல் தந்தையார் செவிக்கும் எட்டுகிறது. வரதட்சணையைக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமென 1961-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கேளாமல் மனமுவந்து கொடுக்கும் பரிசு என்ற பெயரால் சோபா அச்சட்டத்தின் பக்கவாட்டில் நுழைந்து சென்றுவிடுகிறது.

பெண்ணைப் பெற்ற அன்பர்கட்கு நாம் கூறுவது இது. கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால் சோபாவின் விலையை மகளின் பெயரில் வங்கியில் இட்டுவிடுங்கள். அவள் அந்த வீட்டில் ஆறு மாதம் வாழட்டும். எவர் எங்கே அமர்கிறார், எவருக்கு எழுவது கடினம், வெயில் எந்தச் சன்னல் வழியே விழுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். பின்னர் மாமியாரும் மருமகளும் சேர்ந்து கடைக்குச் சென்று வாங்கட்டும். பணம் அவள் பெயரில் இருப்பதால், வாங்காமலே விட்டாலும் கேடில்லை. ஊர் என்ன சொல்லும் என்று கேட்பாரும் உளர். தவணை நாளில் ஊர் வருவதில்லையே.

சோபாவின் உள்ளே இருப்பதைப் பற்றிச் சில சொல்வோம். நம் நாட்டில் பொதுமக்களுக்கு நுரைமெத்தையின் சுகத்தை முதலில் காட்டியது இரயில்வே என்று கூறினால் அது பெருமைப்பேச்சு ஆகாது. மூன்றாம் வகுப்பு 1974-ல் எடுக்கப்பட்டது. 1977 முதல் 1979 வரை இரயில்வே அமைச்சராயிருந்த மது தண்டவதே அவர்கள், இரண்டாம் வகுப்பின் வெறும் மரப்பலகைப் படுக்கைகள் மேல் இரண்டங்குல நுரை இடச் செய்தார். வெறும் பலகையில் இரவு முழுதும் புரண்டு சென்றவர்க்கே அந்த இரண்டங்குலத்தின் மதிப்புத் தெரியும். கனம் பெரிதாயிருத்தல் இன்றியமையாததன்று. உறுதியான பலகையின் மேல் நல்ல நுரை மெல்லியதாயினும் போதும் என்பதற்கு அதுவே சான்று. இன்றைய சோபாக்களில் பல இதற்கு நேர்மாறானவை: மெல்லிய சட்டத்தின் மேல் கனத்த, மட்டமான நுரை.

நுரை இருவகை. ரப்பர்ப் பாலை அடித்து நுரையாக்கி வேகவைத்தது ஒன்று. 1929-ல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் அது பிறந்தது. மற்றொன்று வேதிப்பொருள்களால் ஆன பாலியூரித்தேன். அதன் அடிப்படையை 1937-ல் ஜெர்மனியின் ஓட்டோ பேயர் கண்டார். கடைச் சோபாக்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவதே. கடைக்காரர் ‘32 டென்சிட்டி, 40 டென்சிட்டி’ என்று சொல்வார். ஒரு கன மீட்டர் நுரையின் எடை இத்தனை கிலோ என்பதே அதன் பொருள். மென்மை வேறு, இவ்வெடை வேறு. கையால் அழுத்திப் பார்த்தால் எடை தெரியாது. மட்டமான நுரையும் புதிதாயிருக்கும்போது கெட்டியாகவே இருக்கும். ஓராண்டில் குழி விழும்போதுதான் அது தெரியவரும்.

இதற்கு எழுத்தர் முறையில் ஒரு சோதனை உண்டு. 22 அங்குலச் சதுரமும் 4 அங்குலக் கனமும் உள்ள திண்டு ஒன்றன் நுரையை நிறுத்துப் பாருங்கள். 32 என்று சொன்னது மெய்யாயின் அது ஒரு கிலோ இருக்கும். 40 எனில் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். அரைக்கிலோ சொச்சமே இருக்குமாயின் அது 18-ஐச் சேர்ந்த நுரை. சாய்வுத் திண்டுக்கு ஆகும், இருக்கைக்கு ஆகாது. உறையோடு நிறுத்தால் உறையின் எடையைக் கழித்துக்கொள்க. திண்டைக் கழற்றவே முடியாதபடி தைத்த சோபாவில் இச்சோதனைக்கு இடமில்லை. அவ்வாறு தைத்ததை வாங்காமலிருக்க இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர்ப்பொருளாலேயே ஆன மற்றொரு திண்டும் உண்டு. தென்னை நாரைச் சுருட்டி, ரப்பர்ப் பால் தெளித்து, அழுத்திப் பதப்படுத்திய நார்மெத்தை அது. காற்று உள்ளே புகுந்து வெளிவரும் ஆதலின் வெக்கை குறைவு. மூன்றங்குல நார்மெத்தையின் மேல் ஓரங்குல நுரை இட்டால் அமிழ்வும் குறையும், உறுத்தலும் இராது. முதியவர்க்கு இதுவே மிக ஏற்றது என்பது நம் துணிபு. இலவம்பஞ்சுத் திண்டு குளிர்ச்சியானது. ஆனால் வெயிலில் இட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மழை மாதங்களில் வெயிலுக்கு எங்கே போவது?

சட்டத்துக்கான மரத்தைப் பொறுத்தவரை, தேக்கு தேக்கு என்று மயங்க வேண்டியதில்லை. திருவாங்கூர் மன்னராட்சியில் தேக்கும் ஈட்டியும் சந்தனமும் கருங்காலியும் இராசமரங்கள்; தனியார் நிலத்தில் நின்றாலும் அரசுக்கே உரியவை. ஆகவே குடிமக்கள் வீட்டுப் பெஞ்சும் பெட்டகமும் பலாவிலும் அயினியிலுமே உருவாயின. மூன்று தலைமுறை கடந்தும் அவை ஆடாமல் நிற்கின்றன. இன்று மலிவாய்க் கிடைப்பது ரப்பர் மரம். 25, 30 ஆண்டு பால் வெட்டியபின் முறித்த மரம், சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாய்ச் செல்கிறது. அதில் மாவுச்சத்து மிகுதி ஆதலின் வண்டும் பூஞ்சையும் விரைந்து பற்றும். போராக்சும் போரிக் அமிலமும் கலந்த நீரை அழுத்தத்தால் உட்செலுத்தி, சூளையில் உலர்த்தியதாயின் நல்ல மரமே. பதப்படுத்தாததாயின் ஓராண்டில் காலடியில் மாவு கொட்டும். துணி போர்த்த சோபாவின் உள்ளே எந்த மரம் என்பதைக் கடைக்காரரே அறியாமலிருக்கலாம். அடிப்புறத்துக் கறுப்புத் துணியை ஓர் ஓரம் விலக்கிப் பார்க்கக் கேளுங்கள். முன்காலொன்றை அரையடி தூக்குங்கள். மற்ற முன்காலும் உடனெழுந்தால் சட்டம் உறுதியானது. அது தரையிலேயே நின்று சட்டம் முறுக்கினால் வேறு கடைக்குச் செல்லலாம்.

மேலுறையில் பலர் ஏமாறுவது தோல்போன்ற துணியில். நம் பகுதிக்கு மழை இருமுறை. இடவப்பாதியும் துலாவர்ஷமும் சேர்ந்து ஆண்டில் பாதிக்கு மேல் ஈரக்காற்றே. துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலை அந்த ஈரம் சிறிது சிறிதாகச் சிதைக்கும். நான்கைந்து ஆண்டில் அது செதில் செதிலாய் உரிந்து, அமர்ந்தவர் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும். பழைய ரெக்சின் அத்தனை விரைவில் உரியாது. ஆனால் வெயில் நாளில் வியர்வை வழிந்து உடலோடு ஒட்டும். கழற்றித் துவைத்து உலர்த்தத்தக்க, கெட்டியான பருத்தி உறையே நமக்குப் பொருந்தும். இருமாற்று உறை தைத்து வைத்தால் மழைக்காலத்துக்கும் கவலையில்லை. சோபாவைச் சுவரினின்று நாலு விரல் தள்ளிப் போட்டால் பின்புறம் பூஞ்சை பிடிக்காது. கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

விலையைப் பற்றி மிகுதியாய்ச் சொல்ல வேண்டியதில்லை. வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தை மட்டும் நம்பற்க. அத்தகைய திட்டங்களில் வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைந்திருப்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்கு எடுத்துக் காட்டிற்று. ரொக்கமாய்த் தந்தால் என்ன விலை என்று ஒரு கேள்வி கேட்டால் மறைந்திருப்பது வெளிப்படும்.

நம்மைக் கேட்டால், ஊர் ஆசாரியிடம் பலாவிலோ அயினியிலோ இருவர் இருக்கை இரண்டும், உயர்ந்த கைப்பிடி கொண்ட ஒற்றை நாற்காலி ஒன்றும் செய்வித்து, கழற்றி எடுக்கத்தக்க திண்டு இடுவதே நன்று என்போம். அந்த ஒற்றை நாற்காலி கூடத்திலேயே, தொலைக்காட்சிக்கு நேராக, மின்விசிறிக்குக் கீழே இருத்தல் வேண்டும். வீட்டு மூத்தவர்க்கு உரிய இடம் அது. பத்தாண்டு சென்று நுரை தளர்ந்தால் நுரையை மட்டும் மாற்றலாம். மரம் பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.

தாழ்ந்த சோபாவை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் அதனை எறிய வேண்டியதில்லை. மூன்றங்குல உயரமுள்ள பலாக்கட்டை நான்கு எடுத்து, ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் சோபாவின் கால் உள்ளே அமருமாறு முக்கால் அங்குலம் குடைந்து, நான்கு காலுக்கும் அடியில் வைக்கச் சொல்லுங்கள். சோபா இரண்டேகால் அங்குலம் உயரும். குடையாமல் வைத்தால் முதியவர் எழும்போது கால் வழுக்கி விழ ஏதுவாகும், குடைவே இன்றியமையாதது. கட்டையின் அடியில் பழைய மிதிவண்டி டியூபை வெட்டி ஒட்டினால் தரையில் நகராது. ஆழம் மிகுந்ததாயின் முதுகுப்புறம் நாலங்குலத்தில் ஒரு கெட்டித் திண்டு தைத்து, நழுவாமல் நாடாவால் கட்டிவிடுங்கள். அரைநாள் வேலை, மரத்துண்டு வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும்.